குழாய் வழியே போன சொல்

தீனியக்காவுக்கு வாய் நீளம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவள் அளந்துதான் பேசுவாள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் தன் வீட்டுக் கதை முழுவதையும் கொட்டிவிட்டு இறங்கிப் போவார். இவள் இரண்டு தடவை ‘ம்’ கொட்டியிருப்பாள், அவ்வளவுதான். ஆனால் ஒரே ஒரு சொல் மட்டும் அவளைக் கேட்காமலே அவள் வாயிலிருந்து விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சொல்லால் ஒரு நரிக்குட்டியின் பிழைப்பே கெட்டுப்போக இருந்தது.

அவளுக்கு வேலை, காட்டு விலங்குகளை மீட்டு வைத்திருக்கும் நிலையத்தில். அடிபட்டது, தாயை இழந்தது, கிணற்றில் விழுந்தது, கம்பி வேலியில் மாட்டியது என்று எது வந்தாலும் அங்கே தேற்றி, மறுபடி காட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். மருந்துக்கு ஒரு டாக்டரம்மா. ஜீப்புக்கு ஒரு டிரைவர். இறைச்சி நறுக்குவது, எடை போடுவது, தீனி வைப்பது, கூண்டு கழுவுவது எல்லாம் இவள். அதனால் தீனியக்கா.

அதற்கு முன் பத்தொன்பது வருஷம் ஒரு பெரிய மாணவர் விடுதியில் பரிமாறிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் வருவார்கள். ஒரு கரண்டி, ஒரு ‘இந்தா’. அடுத்த தட்டு, அடுத்த ‘இந்தா’. வேளைக்கு இருநூற்றைம்பது தட்டு, நாளைக்கு மூன்று வேளை. பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும். விடுதியை இழுத்து மூடினார்கள். கரண்டி கையை விட்டுப் போயிற்று. சொல் போகவில்லை. சாவி கொடுத்தாலும் ‘இந்தா’, சில்லறை கொடுத்தாலும் ‘இந்தா’, வாசல் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினாலும் ‘இந்தா’. தான் அப்படிச் சொல்வதே அவளுக்குத் தெரியாது. மூச்சு விடுவது யாருக்குத் தெரிகிறது?

குட்டி வந்த கதை இதுதான். செங்கல் சூளையில் பழைய அடுக்கைப் பிரித்தபோது அடியில் மூன்று நரிக்குட்டிகள் கிடந்தன. தாயைக் காணவில்லை. தாய் நரி பயந்து ஓடினாலும், ஆள் நடமாட்டம் அடங்கியதும் திரும்பி வந்து ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு வேறு பொந்துக்கு மாற்றிவிடும். அதனால் சூளைக்காரர்கள் ஒரு நாள் முழுக்க வேலையை நிறுத்திவிட்டுத் தள்ளி நின்றார்கள். நல்ல மனுஷர்கள். ஆனாலும் தாய் வரவில்லை. அதற்கு என்ன ஆயிற்று என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. மறுநாள் விடிவதற்குள் இரண்டு குட்டிகள் செத்துப்போய்விட்டன. மூன்றாவதை டிரைவர் தன் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். பெட்டைக்குட்டி. ஒரு துணி சோப்புக் கட்டியின் கனம்கூட இல்லை. கண் அப்போதுதான் திறந்திருந்தது; காது இன்னும் மடங்கியே கிடந்தது.

பெயர் வைத்தால் பாசம் ஒட்டிக்கொள்ளும் என்று டாக்டரம்மா எந்த விலங்குக்கும் பெயர் வைக்க விடமாட்டார். பதிவேட்டில் அது ஏழாம் நம்பர். அவ்வளவுதான்.

காட்டுக்குத் திரும்பிப் போக வேண்டிய குட்டிக்கு மனுஷரைப் பிடித்துப்போகக் கூடாது. அதுதான் அங்கே முதல் சட்டம். மனுஷரைக் கண்டு ஓடாத நரி எத்தனை நாள் உயிரோடு இருக்கும்? கோழிக்கூண்டுப் பக்கம் போகும், கல்லடி வாங்கும். சாலையில் நின்று வண்டியை வேடிக்கை பார்க்கும். நரிக்கு நகம் பெரிய ஆயுதமில்லை, பல்லும் அப்படித்தான். பயம்தான் அதன் ஆயுதம். ஓர் இலை தப்பாக அசைந்தாலும் போதும், சட்டென்று உடம்பைத் தரையோடு ஒட்டிக்கொண்டு மண்ணோடு மண்ணாகிவிட வேண்டும்.

அதற்காக நிலையத்தின் பின்பக்கம் ஓர் அடைப்பு கட்டியிருந்தார்கள். மேலே வலை, சுற்றிலும் ஆள் உயரச் சுவர், உள்ளே மண், மரக்கட்டைகள், புதர். சுவரில் தோள் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய் சரிவாக உள்ளே இறங்கும். இந்தப் பக்கம் தீனியைப் போட்டால் அந்தப் பக்கம் புல்லில் போய் விழும். கொடுத்தவர் யார் என்றே குட்டிக்குத் தெரியாது. தீனியக்கா சாம்பல் நிற அங்கி போட்டு, முகத்தைத் துணியால் மூடி, கை வாடை தெரியாமலிருக்க ஈரமண்ணைத் தேய்த்துக்கொண்டுதான் அந்தப் பக்கமே போவாள். அந்த நிலையத்தில் சட்டத்தை ஒழுங்காகப் பின்பற்றுகிறவர் யார் என்று கேட்டால் எல்லோரும் இவளைத்தான் கைகாட்டுவார்கள்.

சுவரில் விரல் அகலத்துக்கு ஓர் இடுக்கு இருந்தது. குட்டி தேறி வருகிறதா என்று அதன் வழியாகப் பார்த்து டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டியதும் அவள் வேலைதான். சொல்லிக்கொடுக்கத் தாய் இல்லாத குட்டி, ஒவ்வொன்றாகத் தானே செய்ய ஆரம்பித்ததை அவள் அந்த இடுக்கு வழியாகத்தான் பார்த்தாள். மூன்று மாதத்தில் வெட்டுக்கிளி பிடித்தது. வயிறு நிறைந்ததும் மிச்ச இறைச்சியை முன்காலால் குழி தோண்டிப் போட்டு, மூக்கால் மண்ணைத் தள்ளி மூடி, மேலே ஒரு சருகையும் இழுத்துப் போட்டது. அடுத்த துண்டை வேறு இடத்தில் புதைத்தது. எல்லாவற்றையும் ஒரே குழியில் போட்டால் ஒரு திருடன் வந்தாலே போதும், எல்லாம் போய்விடும் என்று அதற்கு யார் சொன்னது?

ஐந்தாம் மாதம் உள்ளே உயிரெலி விட ஆரம்பித்தார்கள். எலி புல்லுக்கு அடியில் ஓடும்; கண்ணுக்குத் தெரியாது. குட்டி தலையைச் சாய்த்து ஒரு காதை முன்னே திருப்பும், அப்புறம் மற்ற காதை. அசையாது. சத்தம் எங்கே என்று பிடிபட்டதும் நேராக மேலே எழும்பி, முன்னங்கால் இரண்டையும் சேர்த்து எலியின் தலைக்கு மேலேயே வந்து இறங்கும். முதல் பத்துத் தடவை மண்ணைத்தான் பிடித்தது. அப்புறம் எலியைப் பிடித்தது.

வீட்டில் அவள் கணவர் தையல்காரர். முன்னறையிலேயே மெஷினைப் போட்டுக்கொண்டு நாளெல்லாம் மிதிப்பவர். வாய் அவருக்குத்தான் நீளம்.

“தினமும் நரி முகத்துல முழிக்கிறவ நீதான். நமக்கு ஏதாவது அதிர்ஷ்டம் அடிக்குதான்னு பார்த்தா, நூல் அறுந்துபோறதுதான் மிச்சம்.”

“நான் பார்க்கறது அது முதுகைத்தாங்க. முகத்தை அது காட்டுறதில்ல” என்றாள் அவள், கொஞ்சம் பெருமையாகவே.

ஏழாம் மாதம் சோதனை வந்தது. ஒரு விலங்கை வெளியே விடலாமா கூடாதா என்று கையெழுத்துப் போட மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வருவார். அடைப்புக்குள் போய் நிற்பார், கை தட்டுவார், நடப்பார். விலங்கு ஒளிந்துகொண்டால் தேறிற்று.

அன்று அதிகாரி, டாக்டரம்மா, டிரைவர் மூன்று பேரும் உள்ளே போனார்கள். தீனியக்கா வெளியே இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றாள். கதவுச் சத்தம் கேட்டதுமே குட்டி மரக்கட்டைக்கு அடியில் போய்விட்டது. வால் நுனிகூடத் தெரியவில்லை. அதிகாரி கை தட்டினார். ஒன்றுமில்லை. சுற்றி நடந்தார். ஒன்றுமில்லை.

“நல்லா வளர்த்திருக்கீங்க டாக்டர். இதுக்கு மேல என்ன வேணும்?” என்று படிவத்தை விரித்தார். பேனா எழுதவில்லை. டிரைவரின் சட்டைப்பையிலிருந்து ஒன்றை வாங்கிக் கையெழுத்துப் போடக் குனிந்தவர், எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாமல் பேனாவை டாக்டரம்மாவிடம் நீட்டினார்.

“இந்தா, நீங்களே நிரப்பிடுங்கம்மா.”

கட்டைக்கு அடியிலிருந்து நரி வெளியே வந்தது. ஓடி வந்தது. அதிகாரியின் காலுக்கு முன்னால் உட்கார்ந்து, வாலைத் தரையில் தட்டிக்கொண்டு அவர் கையையே அண்ணாந்து பார்த்தது.

 அதிகாரி மெதுவாகக் கையை உயர்த்தினார். நரியின் மூக்கும் கூடவே உயர்ந்தது.

“இது என்ன டாக்டர், நரியா நாய்க்குட்டியா?”

“தெரியல சார். இப்படி ஒருநாளும் செஞ்சதில்ல.”

டிரைவர் கெட்டிக்காரர். காலால் தரையைத் தட்டி நரியை விரட்டினார். அது மறுபடி கட்டைக்கு அடியில் போனதும், கையில் ஒன்றும் இல்லாமலே, “இந்தா” என்றார். மறுபடி ஓடி வந்தது. “வா வா” என்று கூப்பிட்டுப் பார்த்தார். வரவில்லை. “இந்தா” என்றார். வந்தது.

“சார், இதுக்குத் தமிழ்ல ஒரே ஒரு வார்த்தை தெரியும்போல.”

டாக்டரம்மா வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது. “யாரு அக்கா இதை இப்படிப் பழக்கினது?”

“நானா? சத்தியமா இல்லம்மா! இத்தனை மாசமா நான் ஒரு வார்த்தை பேசினதில்ல. வேணும்னா டிரைவர் தம்பியைக் கேளுங்க” என்றாள் தீனியக்கா. வியர்த்துக் கொட்டிய டாக்டரம்மாவுக்கு, சுவரோரத் தீனி மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். “இந்தாங்க, முதல்ல தண்ணி குடிங்க.”

சுவருக்கு அந்தப் பக்கம் குழாயின் வாயில் நகம் பிறாண்டும் சத்தம் கேட்டது.

தீனியக்காவின் கை அப்படியே நின்றது. முகத்தை மூடினாள், வாடையை மறைத்தாள், எல்லாம் செய்தாள். வாய் மட்டும் விடுதியிலேயே நின்றுவிட்டது. ஒவ்வொரு துண்டையும் குழாயில் போடும்போது ஒரு ‘இந்தா’வையும் சேர்த்துப் போட்டிருக்கிறாள். குழாய் அதை ஒலிபெருக்கிமாதிரி பெரிதாக்கி உள்ளே கொண்டுபோயிருக்கிறது. நாளைக்கு இரண்டு தடவை, குட்டி பால்குடி மறந்ததிலிருந்து ஐந்தரை மாதம்.

அதிகாரி கெட்டவர் இல்லை. “இருபது நாள் தர்றேன். அதுக்கப்புறம் வந்து பார்ப்பேன். அப்பவும் இப்படி ஓடி வந்தா மிருகக்காட்சி சாலைக்கு எழுதிடுவேன். வெளியே விட்டு யாரோ அடிச்சுக் கொல்றதுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது” என்றார்.

இன்னும் கொஞ்ச நாள் கேட்கலாம்தான். ஆனால் காட்டுக்கும் ஒரு கெடு உண்டு. அறுவடை முடிந்த வயல்களில் இப்போதுதான் எலி நிறைய. மழை பிடித்துக்கொண்டால் வளைகளில் தண்ணீர் ஏறிவிடும், அனுபவமில்லாத நரிக்கு இரை கிடைக்காது. இளம் நரிகள் தாயை விட்டுப் பிரிந்து ஆளுக்கொரு இடம் பிடிப்பதும் இந்தப் பருவத்தில்தான். பிந்திப் போனால் எல்லாப் புதரிலும் ஏற்கெனவே ஒரு நரி காலூன்றியிருக்கும். புதிதாக வந்ததைக் கடித்துத் துரத்தும்.

மிருகக்காட்சி சாலையின் நரிக்கூண்டை தீனியக்கா பார்த்திருக்கிறாள். எட்டடி நீளம். உள்ளே ஒரு கிழநரி, இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்து நடந்து சிமெண்டுத் தரையில் தடமே விழுந்திருந்தது.

அவள் முதலில் செய்தது, வாயைக் கட்டுவது. கணவரின் பெட்டியிலிருந்து ஒரு பெரிய கோட்டுப் பட்டனை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டாள். சொல் வர முயன்றால் பட்டன் பல்லில் தட்டும். வீட்டிலும் அதே பழக்கமாக்கினாள்.

தையல்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். “ஒரு பட்டன்ல உன் வாயை மூடலாம்னு இருபத்தாறு வருசம் எனக்குத் தெரியாமப் போச்சே. கடை முழுக்க பட்டனை வச்சுக்கிட்டு நானும் முழிச்சுக்கிட்டு இருந்தேன்!”

அவள் பட்டனைத் துப்பிக் கையில் வைத்துக்கொண்டு, “வாயடிக்கிறது நீங்க. இதை உங்களுக்குத்தான் வைக்கணும்” என்றாள்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். “அக்கா, நீங்க நிறுத்தினா மட்டும் போதாது. அது மறக்காது. ஊரே நாள் முழுக்க இந்தான்னுதான் சொல்லுது. கொடுத்தா இந்தா, கூப்பிட்டா இந்தா, அதட்டினாலும் இந்தா பாரு. சாலையோரமா ரெண்டு பேர் பேசிக்கிட்டுப் போனாலே இது போய் அவங்க முன்னால உட்காரும்.”

“அப்போ?”

“அந்தச் சொல்லையே கசக்க வைக்கணும். ஒரு பறவை கசப்பான புழுவை ஒருதடவை தின்னுட்டா, அந்த நிறத்துப் புழுவை அப்புறம் தொடாது. எலியும் அப்படித்தான், ஒருதடவை வயித்தைப் பிரட்டின தீனியை மறுபடி மோந்துகூடப் பார்க்காது. நல்லது நடந்ததைவிட கெட்டது நடந்ததை அதுங்க நல்லா ஞாபகம் வச்சுக்கும். அதனாலதான் உயிரோட இருக்குதுங்க. நீங்க உங்க குரல்லயே இந்தான்னு கூப்பிடணும். வந்ததும் தகரத்தை அடிக்கணும், குழாய்த் தண்ணியை மேல பீச்சணும்.”

“நானா?”

“உங்ககிட்டதானே கத்துக்கிச்சு.”

தீனியக்கா எழுந்துவிட்டாள். “சோறு போட்ட வாயால கூப்பிட்டு அடிக்கச் சொல்றீங்க. என்னால ஆகாது. வேற யாரையாவது பாருங்க.” அதற்குமேல் டாக்டரம்மா எவ்வளவு சொல்லியும் அசைந்து கொடுக்கவில்லை. ஒற்றைக்காலில் நின்றாள். இப்படியே இன்னும் மூன்று நாள் போயிற்று. கையில் இருந்தது இருபது நாளில் பதினான்கு.

ஏழாம் நாள் காலையில் இடுக்கு வழியாகப் பார்த்தாள். உள்ளே எலி விட்டிருந்தார்கள். நரி புல்லுக்கு முன்னால் கல்லாய் நின்றது. இடது காது திரும்பிற்று, வலது காது திரும்பிற்று. பின்னங்கால் மடங்கிற்று. இதோ எழும்பப் போகிறது என்று இவள் மூச்சைப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்து வெளியே ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்த டிரைவர், வாளி கேட்டு வந்த தோட்டக்காரரிடம், “இந்தா, எடுத்துக்கோ” என்றார்.

நரி எலியை விட்டுவிட்டது. திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிப் போய்க் குழாயின் வாய்க்குக் கீழே உட்கார்ந்து அண்ணாந்தது. குழாயிலிருந்து எதுவும் விழவில்லை. ஆனாலும் காத்திருந்தது. எலி சாவகாசமாகப் புல்லைக் கடந்து போயிற்று.

தீனியக்கா இடுக்கை விட்டு நகர்ந்தாள். அப்புறம் கிடங்குக்குப் போய், பழைய கூரைத் தகரம் ஒன்றையும் சுத்தியலையும் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவின் அறை வாசலில் நின்றாள்.

“அது வாயில விழற இரையை நானே தட்டிவிட்டுக்கிட்டு இருக்கேன். எங்க நின்னு அடிக்கணும், சொல்லுங்க.”

குழாயை அடைத்துவிட்டார்கள். தீனி இனி குழாயில் வராது. நரி உறங்கும் நேரத்தில் சத்தமில்லாமல் போய்க் கட்டைக்கு அடியில், புதருக்குள், நாளுக்கொரு இடமாக ஒளித்து வைத்தார்கள். தேடித் தின்னட்டும் என்று. தீனியக்கா சுவர்ப்பக்கம் நின்று, விடுதியில் சொன்ன அதே குரலில், “இந்தா” என்றாள். குரலை மாற்றக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நரி ஓடி வந்தது. சுத்தியல் தகரத்தில் இறங்கிற்று. டிரைவர் மேலிருந்து தண்ணீரைப் பீச்சினார். நரி எகிறிக் குதித்து, மண்ணில் புரண்டு ஓடிற்று.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடி சொன்னாள். மறுபடி வந்தது.

அது வந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஏதோ தவறு நடந்துவிட்டது, இந்தத் தடவை சரியாகிவிடும் என்பதுபோல வந்தது. அவள் அடித்தாள். அன்று ஐந்து தடவை சொன்னாள், ஐந்து தடவையும் அடித்தாள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தாள்.

தையல்காரர் அன்று கிண்டல் பண்ணவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “பெத்த நரியா இருந்தா என்ன பண்ணியிருக்கும்?”

“இந்த வயசுல கிட்ட வந்தா உர்ருங்குமாம். அப்பவும் போகலைன்னா கடிச்சுத் துரத்துமாம். டாக்டரம்மா சொன்னாங்க.”

“அப்ப நீ தண்ணிதானே ஊத்தினே. எழுந்து சாப்பிடு.”

இரண்டாம் நாள் நரி பாதி தூரம் வந்து நின்றது. மூன்றாம் நாள் கட்டைக்கு வெளியே தலையை மட்டும் நீட்டிற்று. நான்காம் நாள் காது மட்டும் திரும்பிற்று, உடம்பு வரவில்லை. ஆறாம் நாள் அவள் வாயைத் திறந்ததுமே மண்ணோடு படிந்துவிட்டது. தகரத்தை அடிக்க வேண்டிய தேவையே வரவில்லை.

“உங்க குரலுக்குத்தான் பயப்படுது அக்கா. இனி வேற குரல் வேணும்” என்றார் டாக்டரம்மா.

டிரைவர் சொன்னார், தோட்டக்காரர் சொன்னார். டாக்டரம்மா சொன்னபோது நரி ஒரு அடி முன்னால் வந்தது, தகரம் பேசிற்று. புதுக்குரல் வேண்டும் என்று தையல்காரரைக்கூட ஒரு விடுமுறை நாளில் அழைத்து வந்தார்கள். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து, கடைக்கு வருகிறவர்களிடம் பேசும் தேன்குரலில், “இந்தாங்க, சரியா இருக்கா பாருங்க” என்றார். உள்ளே ஒரு சருகும் அசையவில்லை.

“என்ன இது, வாடிக்கையாளர் பதிலே சொல்லல?”

“அளவு தப்பா எடுத்திருப்பீங்க” என்றார் டிரைவர்.

இருபதாம் நாள் அதிகாரி வந்தார். உள்ளே போய் நடுவில் நின்று, “இந்தா” என்றார். நாலு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொன்னார். பையிலிருந்து ரொட்டித் துண்டை எடுத்துக் காட்டியும் சொன்னார்.

“உள்ள நரி இருக்கா, இல்ல ஏற்கெனவே விட்டுட்டீங்களா?”

தீனியக்கா அவரை இடுக்குக்கு அழைத்துப்போய்க் காட்டினாள். அவர் நின்ற இடத்திலிருந்து நான்கு அடி தூரத்தில், சருகின் நிறத்தில் சருகாய், நரி மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தது. அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

அடையாளத்துக்கு அதன் இடது காதில் சின்னதாக ஒரு வெட்டு வைத்து, அந்தி நேரத்தில் கல்மேட்டுப் புதர்க்காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பெட்டியின் கதவு திறந்தது. நரி உடனே வெளியே வரவில்லை. மூக்கை நீட்டிக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தது. அப்புறம் காற்றை எதிர்த்து, புதரின் நிழலை ஒட்டியே நடந்தது. திறந்தவெளி வந்ததும் நின்றது, காத்திருந்தது, ஒரே ஓட்டமாகக் கடந்தது. அவ்வளவுதான். நன்றி சொல்லித் திரும்பிப் பார்த்தது என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். பார்க்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு தகவல் வந்தது. கல்மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை இருக்கிறது. அதன் பின்புறக் குப்பைத் தொட்டிக்கு, காதில் வெட்டு உள்ள நரி ஒன்று தினமும் காலையில் வருகிறதாம். அதிகாரி தொலைபேசியில் சொன்னார்: “மனுஷங்க கையில வாங்கித் தின்னுதுன்னா பொறி வச்சுப் பிடிச்சுக்கிட்டு வந்துடுங்க. வேற வழியில்ல.”

டாக்டரம்மா அவளிடம் சொல்லத் தயங்கினார். ஆனால் ஜீப்பின் பின்னால் பொறிப்பெட்டி ஏறியதைப் பார்த்ததும் தீனியக்காவுக்கு விளங்கிவிட்டது. “நானும் வர்றேன்” என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இறங்கச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

வெளிச்சம் வரும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பின்வாசலில் காவலாளி ஒருவர், வயதானவர், நாற்காலியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மூடியில்லாத பெரிய தொட்டி. சாப்பாட்டு மிச்சம் வழிந்து கிடந்தது.

“நரி வருதாமே?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“வருதே, தினமும் வருது. ஆனா அதுமாதிரி திமிர் பிடிச்ச நரியை நான் என் ஆயுசுல பார்த்ததில்ல” என்றார் காவலாளி. “பாவம், பசியா இருக்குமேன்னு நானும் ஒரு மாசமா ரொட்டியை நீட்டுறேன். வாயைத் திறந்தாப் போதும், குண்டு விழுந்தமாதிரி ஓடுது.”

தீனியக்கா ஜீப்பிலிருந்து இறங்கினாள். “வாயைத் திறந்து என்ன சொல்வீங்க?”

“என்ன சொல்வாங்க? இந்தான்னுதான் சொல்லுவேன். வேற என்ன சொல்றது, வணக்கமா?”

அவள் டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவர்கள் ஜீப்புக்குள்ளேயே காத்திருந்தார்கள். சற்று நேரத்தில் மதிலின் நிழலை ஒட்டிக்கொண்டு அது வந்தது. காதில் வெட்டு. உடம்பு நன்றாகத் தேறியிருந்தது, மார்பில் புது ரோமம். தொட்டியின் பக்கமே அது போகவில்லை. தொட்டிக்கு ஐந்தடி தள்ளி, உதிர்ந்த அட்டைகளுக்கு முன்னால் நின்று தலையைச் சாய்த்தது. குப்பை தின்ன எலி வரும், எலி தின்ன இது வருகிறது. மேலே எழும்பிற்று, இறங்கிற்று, வாயில் எலி தொங்கிற்று. அதே நேரம் காவலாளி, நல்ல மனுஷர், வந்தவர்களுக்கு மெய்ப்பித்துக் காட்டுவதற்காக ரொட்டியை நீட்டி, “இந்தா, இந்தா” என்றார்.

எலியோடு சேர்த்து நரியும் மதிலுக்கு அப்பால் மறைந்துவிட்டது.

“பார்த்தீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டாங்க” என்றார் காவலாளி.

டிரைவர் பொறிப்பெட்டியின் கயிற்றை மறுபடி இறுக்கிக் கட்டினார். டாக்டரம்மா அதிகாரிக்குச் சொல்லத் தொலைபேசியை எடுத்தார். தீனியக்கா தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். பக்கத்தில் ஒரு பழைய மரப்பலகை கிடந்தது; அதைத் தூக்கித் தொட்டியின் வாய்க்கு மேலே போட்டாள். சரியாகப் பொருந்தவில்லை. இன்னொரு பலகை கொண்டுவரச் சொன்னாள். காவலாளி முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவந்தார்.

“இதை மூடிட்டா எலி வராதும்மா. அப்புறம் அது எதைத் தின்னும்?”

“எலி எங்க போகுதோ அங்க போகும். அது பார்த்துக்கும்” என்றாள் அவள். “நீங்க அந்த முனையைப் பிடிங்க.”